உசிலம்பட்டிச் சாலையில் பொழுது விழும் நேரம்

ஆவணி மாதத்துப் புதன்கிழமை, காலை ஒன்பது மணி. மதுரை ரயிலடிக்கு மேற்கே, கம்பம் பஸ் நிற்கும் வேப்பமரத்தடியில் நானும் என் மனைவி ஜைனம்புவும் ஒரு தகரப் பெட்டியோடும் படுக்கைச் சுருட்டோடும் நின்றிருந்தோம். அவளுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். தாய்வீடு உத்தமபாளையம், மதுரையிலிருந்து அறுபத்தைந்து மைல்.

யுத்தத்துக்கு முன்னால் என்றால் போடி ரயிலில் தேனி வரையில் சுகமாகப் போயிருப்போம். அந்தத் தண்டவாளத்தையே யுத்தத் தேவைக்கென்று பெயர்த்து எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது சாலைதான் கதி. பெட்ரோலும் கிடையாது. பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு கரி அடுப்பைக் கட்டியிருந்தார்கள். கண்டக்டர் அதன் பக்கத்தில் நின்று விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம் சுற்றிய பிறகு இன்ஜின் இருமிக்கொண்டு எழுந்தது.

நான் தெற்கு மாசி வீதிப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவன். கடையை விட்டு அதிக தூரம் போனவன் அல்ல. மாமனார் வீட்டுக்கும் கல்யாணத்தின்போது ரயிலில் போனதுதான். அந்தச் சாலையில் போகாதவர்கள் மதுரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு முன் ஆசனத்தில் பருத்தி மண்டிக் கணக்குப்பிள்ளை ஒருவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி வைகைக் கரையை விட்டு விலகியதும் திரும்பிப் பார்த்தார்.

"எம்புட்டுத் தூரம் போறீக, ராவுத்தரே?"

"உத்தமபாளையம்."

"பிள்ளத்தாச்சியக் கூட்டிக்கிட்டு இந்த ரோட்டுலயா?" என்று நாக்கைத் தட்டினார். "நாகமலையத் தாண்டிட்டா அப்புறம் அம்புட்டும் ரேகை ஊருக. பொழுது சாயறதுக்குள்ள உசிலம்பட்டியத் தாண்டிரணும். காதுல கழுத்துல கெடக்கறதக் கழட்டி மடியில முடிஞ்சுக்கிறச் சொல்லுங்க."

ரேகை ஊர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மதுரையில் எல்லோருக்கும் தெரியும். இன்ன ஜாதியில் பிறந்தவர்கள் பிறவித் திருடர்கள் என்று சர்க்கார் சட்டம் போட்டு, ஆண்கள் எல்லோருடைய கைரேகையையும் எடுத்து வைத்திருக்கும் ஊர்கள். எங்கள் தெருவில் அழுகிற பிள்ளையை அந்தப் பெயரைச் சொல்லித்தான் அடக்குவார்கள். சர்க்கார் காரணம் இல்லாமலா எழுதும் என்று நினைத்துத்தான் நானும் வளர்ந்திருந்தேன்.

ஜைனம்பு முக்காட்டுக்குள்ளேயே காதிலிருந்த அலுக்கத்துகளைக் கழற்றினாள். தாலியான கருகமணியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

நாகமலை வலது பக்கத்தில் மைல் கணக்காக எங்களோடு கூடவே வந்தது. புல்கூட இல்லாத பாறை முதுகு. அதன் கீழே சோளக்காடு, பருத்திக்காடு, நடுநடுவே நீர் வற்றிய கண்மாய். சாமிக் கல்லும் மண் குதிரைகளும் நிற்கும் கோவில் தோப்புகள் வந்தபோதெல்லாம் கணக்குப்பிள்ளை ஒவ்வொரு தோப்புக்கும் ஒரு களவுக் கதை சொன்னார். இங்கே ஒரு செட்டியாரை மறித்தார்கள், அங்கே ஒரு கல்யாண வண்டியை மறித்தார்கள் என்று. அவர் சொல்லச் சொல்ல மரங்களுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது போலவே எனக்குத் தெரிந்தது.

செக்கானூரணிக்கு வந்தபோது உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. பதினோரு மைலுக்கு மூன்று மணி நேரம். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளவேண்டும், அடுப்பு அவிந்தால் மறுபடி விசிறவேண்டும். கருமாத்தூரைக் கடந்து சிறிது தூரம் போனதும் பஸ்ஸின் பின்னால் துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம் கேட்டது. ஜைனம்பு என் தோளைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டாள். வெடித்தது கரி அடுப்பின் குழாய். டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார்.

"மருதையிலிருந்து சாமான் வந்தாத்தான் ஓடும். நாளைக்குத்தான்."

மற்றவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே நடக்கத் தொடங்கினார்கள். கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் முன்னால் போனார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "அங்கே நிக்காதீக ராவுத்தரே" என்று மட்டும் கத்தினார். ஆனால் ஜைனம்புவால் நடக்க முடியவில்லை. பஸ்ஸின் குலுக்கலிலோ பயத்திலோ, அவளுக்கு இடுப்பு வலி கண்டிருந்தது. ஒரு வலி வந்து போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எட்டாம் மாதத்தில் இது என்ன என்று கேட்க அங்கே ஒரு பெண்பிள்ளைகூட இல்லை.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். சாலையில் ஒரு மாட்டுவண்டி வந்தது. அடுப்பெரிக்கும் காய்ந்த பருத்திமார் பாதி அளவுக்கு ஏற்றியிருந்தது. ஓட்டி வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். வடித்த காது, அடர்ந்த மீசை, இடுப்பில் அரிவாள். வண்டியை நிறுத்திப் பஸ்ஸையும் எங்களையும் பார்த்தார். பிறகு அண்ணாந்து சூரியனைப் பார்த்தார்.

"எங்க போகணும்?"

"உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு," என்றேன்.

அவர் மறுபடியும் சூரியனைப் பார்த்தார். பின் கீழே குதித்துப் பருத்திமாரில் பாதியைச் சாலையோரத்தில் தள்ளி, மீதியைப் பரப்பி, அதன்மேல் தன் சாக்கை விரித்தார். "ஏறுங்க தாயி," என்றார்.

டிரைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஒச்சப்பன்னு பேரு. ரேகைக்காரந்தேன். ஆனா வேற வண்டி வராது, பாத்துக்கங்க," என்று காதில் சொன்னார். ஜைனம்புவின் முகம் வெளுத்திருந்தது. ஏறினோம்.

ஒச்சப்பன் மாடுகளை அதட்டி அதட்டி விரட்டினார். நொடிக்கு நொடி மேற்கே பார்த்தார். தெற்கே ஒரு வண்டிப்பாதை பிரியும் இடத்தில் நிறுத்தி, அந்தப் பாதையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுபடி மேற்கே ஓட்டினார். யாரையோ எதிர்பார்க்கிறார், ஆட்கள் வரும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்றே நான் முடிவு செய்தேன். எங்கே போனாலும் நான் துணி வெட்டும் கத்திரியை எடுத்துப் போவது வழக்கம். பெட்டியை மெதுவாகத் திறந்து அதை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள்.

வடக்கே பருத்திக்காட்டுக்குள்ளிருந்து பத்துப் பன்னிரண்டு ஆண்கள் வண்டியை நோக்கி ஓடி வந்தார்கள். தெற்கே கண்மாய்க் கரையின் மேலும் தலைகள் தெரிந்தன. ஜைனம்பு என் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு துஆ ஓத ஆரம்பித்தாள். நான் கத்திரியைக் கையில் எடுத்தேன். அதை வைத்து என்ன செய்ய முடியும் என்று எனக்கே தெரியவில்லை.

ஓடி வந்தவர்கள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கால் வரை சேறு அப்பிய ஒருவர், பாதத்தில் கட்டுப் போட்டு நொண்டிக்கொண்டு ஓடிய ஒரு கிழவர், சோற்றுத் தூக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்ட ஒருவர். எல்லோரும் வண்டியைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து, அந்தத் தெற்குப் பாதையில் இறங்கி ஓடினார்கள். ஒருவர் மட்டும் ஓட்டத்திலேயே கத்தினார்.

"ஏலே ஒச்சப்பா! அந்தப் பக்கம் எங்கடா போற? பொழுது விழுகுதுடா!"

"வாரேன், வாரேன்! நீ போ!" என்றார் ஒச்சப்பன்.

அவர்கள் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் எனக்குக் கேட்கும் தைரியம் வந்தது. "எங்கே ஓடுறாங்க?"

"டேசனுக்கு."

"போலீஸ் ஸ்டேஷனுக்கா? எதுக்கு?"

"இருட்டுக்கு முந்தி ஆம்பளைக அம்புட்டுப் பேரும் போயிக் கைநாட்டு வச்சுட்டு, விடியுந்தட்டியும் அங்கனயே படுக்கணும். நேரந் தப்புனா ஜெயிலு."

"அவங்க என்ன செஞ்சாங்க?"

"பொறந்தாக," என்றார் ஒச்சப்பன்.

சூரியன் மலைக்கு மேலே ஒரு பனை உயரத்தில் நின்றது. அவர் எதற்காகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "நீங்களும் போகணுமா?" என்று கேட்டேன். தலையாட்டினார். அவருடைய ஸ்டேஷன் பின்னால், அந்தத் தெற்குப் பாதையில் இருந்தது. உசிலம்பட்டி போலீஸ் எல்லைக்குள் போக ராதாரிச் சீட்டு என்று ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். அதுவும் அவரிடம் இல்லை.

"பிடிச்சாங்கன்னா?"

"பிடிப்பாக." மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். "தங்கச்சி வலியில கெடக்கு. வேற என்ன செய்யச் சொல்றீக?"

பேசாமல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். அந்த எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. என் மனைவிதான் முக்காட்டை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒங்க ஊரு எம்புட்டுத் தூரம்?"

"ஒரு மைலு, தாயி."

"அங்க பொம்பளைக இருக்காகள்ல?"

"இந்நேரத்துக்கு மேல பொம்பளைக மட்டுந்தேன் இருப்பாக."

"வண்டியத் திருப்புங்க," என்றாள் ஜைனம்பு. நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பேசவிடவில்லை. "இவரை ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் பிள்ளை பெத்துக்க மாட்டேன்," என்றாள்.

ஊர்ப்பெயரையும் ஸ்டேஷன், கோர்ட்டு இருந்த இடங்களையும் நான் எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்களுக்கு இதனால் இன்னொரு தொல்லை வரக்கூடாது.

ஒச்சப்பனின் மனைவி பேச்சி வாசலில் நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்ததுமே, "இன்னுமா போகல?" என்று அலறினாள். அவர் மாட்டைக்கூட அவிழ்க்காமல் குதித்து ஓடினார். பேச்சியும் இன்னும் இரண்டு பெண்களும் ஜைனம்புவைக் கைத்தாங்கலாக இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். நான் ஒச்சப்பனுக்குப் பின்னால் ஓடினேன். தாமதத்துக்குக் காரணம் நான்தான், நான் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை. மதுரையில் எனக்குப் போலீஸ்காரர்களின் சட்டை தைத்துப் பழக்கம்.

ஸ்டேஷன் முற்றத்தில் நூறு பேருக்குக் குறையாமல் குத்தவைத்திருந்தார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து போய்ப் பெருவிரலை உருட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். காய்ச்சலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒருவர். அவருக்குப் பக்கத்தில் மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிய ஒரு மாப்பிள்ளை. அன்று காலையில் கல்யாணம் ஆனவன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஒச்சப்பனின் பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டிருந்தார்கள். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஏட்டு ஒன்றும் கேட்கவில்லை. பிரம்பை எடுத்து அவர் தோளிலும் முதுகிலும் நாலைந்து அடி வைத்தார். நூறு ஆண்களில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

"ஐயா, நான் மதுரையில தையல் கடை வச்சிருக்கேன். அவர் மேல தப்பில்லை. என் வீட்டுக்காரிக்கு வலி வந்து, நான்தான்..." என்று முன்னால் போனேன்.

ஏட்டின் குரலே மாறிவிட்டது. எனக்கு ஒரு ஸ்டூலைப் போடச் சொன்னார். "நீங்க உயிரோட வந்து சேந்ததே பெரிசு, ராவுத்தரே. சாமானைச் சரி பாருங்க. என்ன களவு போச்சுன்னு ஒரு பிராது எழுதிக் குடுங்க."

"எதுவும் போகலீங்க."

"நல்லாப் பாருங்க."

"எதுவும் போகலீங்க ஐயா. எங்களுக்கு உதவி செய்ய வந்தவர் அவர்."

ஏட்டு என்னை உற்றுப் பார்த்தார். "அப்ப இருட்டுற நேரத்துல ரேகை ஊர்ல ஒங்களுக்கு என்ன சோலி? களவுச் சாமான் வாங்குற யாவாரமா? மருதையில கடை எந்தத் தெருவுன்னு சொன்னீக?"

சாலையில் கத்திரியைப் பிடித்தபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. அவர் கேட்டதற்குத் தெருப்பெயரைச் சொன்னேன். சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். ஒச்சப்பனை லாக்கப்புக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினார்கள். கம்பிக்குள்ளிருந்து, "போயித் தங்கச்சியப் பாருங்க," என்று அவர் கையைக் காட்டினார்.

நான் திரும்பி வந்தபோது ஜைனம்பு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "சூட்டு வலிதேன், நின்னுபோச்சு," என்றாள் பேச்சி. பிறகு, "அவரு?" என்று கேட்டாள். சொன்னேன். செம்பைக் கீழே வைத்தாள்.

இருட்டியதும் தெருவெல்லாம் தாழ்ப்பாள் போடும் சத்தம். உரலையும் தானியக் குலுக்கையையும் நகர்த்திக் கதவுக்கு அண்டை கொடுத்தார்கள். "யாருக்குப் பயப்படுறீங்க?" என்று கேட்டேன்.

"யாருக்கில்ல? ஆம்பள இல்லாத ஊருன்னு சுத்துப்பட்டு அம்புட்டுக்கும் தெரியும். போன மாசிக்கு வந்து எங்க ஆடு ரெண்டப் பிடிச்சுட்டுப் போனாக. வந்தவகளை நாங் கண்ணால பாத்தேன். எங்க போயிச் சொல்ல? டேசன்லயா?"

அன்றிரவு அந்தத் தெருவில் நடமாடக்கூடிய ஆண் நான் ஒருவன்தான். வாசலுக்கு உள்ளே, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தேன். நாய் குரைக்கும்போதெல்லாம் உள்ளே பெண்கள் மூச்சை அடக்கிக்கொள்வது கேட்டது. யாரும் வரவில்லை. ஆனால் வருவார்கள் என்ற பயம் விடியும் வரை எங்களோடு உட்கார்ந்திருந்தது. இவர்களுக்கு அது ஒவ்வோர் இரவும் என்பதை நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை. வெளுத்ததும் ஆண்கள் கும்பலாக நடந்து வந்தார்கள். ஒச்சப்பன் அவர்களில் இல்லை. பேச்சி தானே வண்டியைப் பூட்டினாள். சட்டம் பெண்களைத் தேடவில்லை. எங்களை ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். ஏட்டு என் தெருப்பெயரைக் கேட்டு வைத்திருக்கிறார். சாட்சி சொன்னால் கடைக்கு வந்துவிடுவாரோ என்று வழியெல்லாம் எனக்குப் பயம். ஜைனம்பு அதைப் புரிந்துகொண்டவள்போல், "வந்தா வரட்டும்," என்றாள்.

கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னேன். மாஜிஸ்திரேட் பொறுமையாகவே கேட்டார்.

"பெயர் கூப்பிட்டபோது அவன் அங்கே இருந்தானா?"

"இல்லைங்க. ஆனா அவர்..."

"போதும்," என்றார். ஒரு மாதம் தண்டனை. இன்னொருவரின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே புளியமரத்தடியில் பேச்சி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ஜைனம்பு போய் அவள் கையைப் பிடித்தாள். பேச்சி கையை உருவிக்கொண்டாள்.

"நீங்க நல்லா இருங்க. ஆனா நீங்க ஏறாட்டி இந்நேரம் அவரு காட்டுல உழுதுக்கிட்டிருப்பாரு." எங்கள் பக்கம் திரும்பாமலே வண்டியில் ஏறினாள்.

பிற்பகல் தேனிப் பஸ் கிடைத்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது பொழுது சாய்ந்தது. இருபுறமும் புதர். பஸ்ஸில் எல்லோரும் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கணவாய்க்கு அப்பால் ஒரு காட்டில் இரண்டு பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவதைக் கண்டேன். "களவாணிப் பயக, பாருங்க ஓட்டத்தை!" என்றார் பக்கத்தில் இருந்தவர். எங்கே ஓடுகிறார்கள் என்று அவருக்குச் சொன்னேன். அவர் என்னையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

ஐப்பசியில் உத்தமபாளையத்தில் எங்களுக்கு ஆண்குழந்தை பிறந்தது. தை மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அதே சாலையில் மதுரைக்குத் திரும்பினேன். கருமாத்தூருக்கு இந்தப்புறம், கரி அடுப்புக்கு மூச்சு வாங்க பஸ் நின்றது. எதிரே ஒரு வண்டி வந்தது. ஒச்சப்பன்தான். மெலிந்திருந்தார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "அண்ணே!" என்று கூவியபடி சாலையில் ஓடினேன். ஜைனம்பு பின்னால் வந்தாள்.

அவர் எங்களைக் கண்டுகொண்டார். முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே சாலையை முன்னும் பின்னும் பார்த்தார். பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்க்கும் தலைகளைப் பார்த்தார்.

"கிட்ட வராதீக, ராவுத்தரே."

"பிள்ளையைக் காட்டத்தான், அண்ணே..."

"பாத்துட்டேன். நல்லா இருக்கட்டும்." குரலைத் தாழ்த்தினார். "வெளியாளுகளோட நின்னு பேசுனா டேசன்ல சொல்லிருவாக. இப்பல்லாம் வண்டியில யாரையும் ஏத்துறதில்ல. பேச்சிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

மாட்டைத் தட்டினார். வண்டி எங்களைக் கடந்து போயிற்று. அவர் திரும்பிப் பார்ப்பார் என்று நின்றோம். பார்க்கவில்லை. அந்தச் சாலையில் நாங்கள் அவரைப் பார்த்துப் பயந்தது ஒரு சாயங்காலம். இனி எங்களைப் பார்த்து அவர் பயப்படுவது எத்தனை காலத்துக்கோ.

மதுரைக்கு வந்து சேர்ந்தபோது தெருவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிபு பாங்கு ஒலித்தது. மாசி வீதியில் வேலை முடிந்த ஆண்கள் வெற்றிலையை மென்றுகொண்டும், கடைவாசலில் நின்று பேசிக்கொண்டும், தங்கள் வீடுகளை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். நான் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவர்களைப் பார்த்தபடி நின்றேன். யாரும் ஓடவில்லை.